ஜார்ஜ் கப்பலில் எந்தக் கொடி

சிலுவைராஜ் மீட்டர் படிக்கப் போகிற வீட்டில் மின்சாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர் இல்லை. ஈரான், ஆப்கானிஸ்தான், லெபனான் என்று எதையாவது அங்கே விட்டுவிட்டுத்தான் வருவார். கோயிலிலும் அப்படித்தான். ஞாயிறு தமிழ்ப் பூசையில், விசுவாசிகள் மன்றாட்டு வரும்போது, உலக அமைதிக்கான மன்றாட்டை எழுதி வாசிப்பது பல வருஷமாக அவர் பொறுப்பு. மற்றவர்கள் நோயாளிகளுக்கு இரண்டு வரி வாசித்தால் இவர் வல்லரசுகளுக்கு எட்டு வரி வாசிப்பார். எதை வாசித்தாலும் சபை "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிடும். அதில் அவருக்குத் தனி ருசி. டீக்கடையில் குறுக்கே பேச ஆள் உண்டு. இங்கே கிடையாது.

அது எண்பத்தேழு ஜூலை. வளைகுடாவில் ஈரானும் ஈராக்கும் எண்ணெய்க் கப்பல்களை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கா குவைத் கப்பல்கள் சிலவற்றில் தன் கொடியை ஏற்றி, அவற்றுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. அதே நேரத்தில், சிலுவைராஜின் ஒரே மகன் ஜார்ஜ் ஃபிட்டராக இருந்த எண்ணெய்க் கப்பல், வளைகுடாவுக்கு வெளியே ஃபுஜைராவில் நங்கூரம் போட்டு நின்றது. வளைகுடாவுக்குள் போக இஷ்டப்பட்டவர்கள் கையெழுத்துப் போடலாம், சம்பளம் இரட்டிப்பு. இஷ்டமில்லாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம். போன வாரம் போன் போட்டு, "என்னப்பா சொல்றீங்க, போகவா?" என்று கேட்டான்.

"தாராளமாப் போ. அமெரிக்காக்காரன் வந்துட்டான்லா. இனி எவன் வாலாட்டுவான்?"

சனிக்கிழமை மத்தியானம் தேக்கா மார்க்கெட்டில் ஹனீபா டீக்கடையில் உட்கார்ந்ததுமே தையல்காரர் மருதப்பன் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, உங்க ஆளு காவலுக்குப் போன மொத தடவையே கப்பல் டமார்னு வெடிச்சிருச்சாமே!"

"கண்ணிவெடி மருதப்பா. தண்ணிக்குள்ள கிடக்கறது யார் கண்ணுக்குத் தெரியும்? கப்பல் முழுகலையே."

"முழுகல, சரி. ஆனா அடிபட்ட கப்பல் முன்னாடி போகுதாம், போர்க்கப்பலெல்லாம் அதுக்குப் பின்னாடி வருதாம். காவலுக்கு வெச்ச ஜாகா, வீட்டுக்காரன் முதுகுக்குப் பின்னாடி ஒளியிற மாதிரி இல்ல?"

கடையே சிரித்தது. ஹனீபா கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"டாங்கர் தடிச்ச இரும்பு, போர்க்கப்பல் மெல்லிசு. அது ஒரு தந்திரம்யா. நீ போய் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெச்சுத் தைக்கிற வேலயப் பாரு."

"பாக்கறேன், பாக்கறேன். நம்ம ஜார்ஜும் அங்கதான இருக்கான்? அவன் கப்பலுக்கும் அமெரிக்கக் கொடிதான?"

டீ கிளாஸ் சிலுவைராஜின் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அமெரிக்கக் கொடி போட்ட கப்பலுக்கு மட்டும்தான் காவல். அந்தச் செய்தியை அவர் பேப்பரில் படித்திருந்தார். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று விளக்கியும் இருந்தார். கொடியை மாற்றிய கெட்டிக்காரத்தனத்தை மெச்சிப் பேசியவரே அவர்தான். மகன் கப்பலில் என்ன கொடி என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீ அப்படியே இருந்தது.

வீடு மார்க்கெட்டுக்கு மேலேயே, அடுக்குமாடியில். உள்ளே வந்து ரேடியோவைத் திருகினார், அணைத்தார். மறுபடி திருகினார். ஷோகேஸில் இருந்த ஜார்ஜ் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கப்பல் தளத்தில் நின்று சிரிக்கிறான். பின்னால் புகைபோக்கி, கடல். கொடி இல்லை.

"ஏ மதலேனா, இவன் கப்பல்ல எந்தக் கொடி?"

"என்னைக் கேட்டா? உலகமெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "ஏங்க, எதுக்குக் கேக்கறீங்க?"

படத்தைத் திரும்ப ஷோகேஸில் வைத்தார். கப்பலுக்கு இங்கிருந்து போன் போட வழியில்லை. நாளைப் பூசை முடிந்து மத்தியானம் அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. அதுவரை ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டுத் தாளோடு மைக் முன்னால் நின்றார். அமெரிக்காவைப் பற்றிய வரியை விட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பழகிய நாக்கு ஓடிவிட்டது: "வளைகுடாக் கடலில் அமைதி காக்கப் புறப்பட்டுள்ள அமெரிக்கப் படையினரின் கரங்களைத் தேவரீர் வலுப்படுத்தியருள..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை. முன்வரிசையில் மதலேனாவின் உதடு அசையவில்லை.

வெளியே படிக்கட்டில் கிளமெண்டியில் குடியிருக்கும் பிலோமினம்மாள் வழிமறித்தாள். அவள் மகன் எட்மண்டும் ஜார்ஜ் கப்பலில்தான் வேலை.

"அண்ணே, நீங்க வாசிச்சதக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு லேசாச்சு. தேக்கால மீன் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறணும். வரேண்ணே."

கொடி விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தார். "சரிம்மா, போய்ட்டு வா" என்றுதான் சொன்னார்.

மத்தியானம் போன் அடித்தது. ஒரே கரகரப்பு.

"ஜார்ஜு, உன் கப்பல்ல எந்தக் கொடி பறக்குது?"

"என்னப்பா இது? பனாமா. ஏன்?"

"இறங்கிடு."

"அப்பா, போன வாரம் நீங்கதான..."

"போன வாரம் டீக்கடைல பேசற மாதிரி உங்கிட்டயும் பேசிட்டேன்டா. பனாமாக் கொடிக்கு எவனும் காவலுக்கு வரமாட்டான். இறங்கிடு."

ஜார்ஜ் மெதுவாகச் சொன்னான். "நான் இன்னும் சைன் பண்ணலப்பா. எட்மண்ட் பண்ணிட்டான். அவன் பயந்தான், நான்தான் நீங்க சொன்னதச் சொல்லித் தைரியம் குடுத்தேன். இப்ப நான் சொன்னாக் கேக்கமாட்டான், காச வேற நெனச்சுட்டான். கேன்சல் பண்ணணும்னா கம்பெனி ஏஜென்ட் கிளம்பறதுக்குள்ள சொல்லணும். எட்மண்ட் என் பக்கத்துலதான் நிக்கறான்."

"பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி போடு. அவன் அம்மா கீழ மார்க்கெட்லதான் மீன் வாங்கிட்டிருப்பா, கூட்டிட்டு வரேன்."

லிஃப்ட் வரவில்லை. படியில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஈரத் தரையில் செருப்பு வழுக்க, ஒவ்வொரு மீன் கடையாக எட்டிப் பார்த்தார். கடைசி வரிசையில் வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள் பிலோமினம்மாள்.

"என்னண்ணே இப்படி மூச்சு வாங்குது? அமெரிக்காக்காரன் என்ன பண்ணிட்டான்?"

"அவன விடும்மா. எட்மண்டு போன்ல வரான். வா, ஏறும்போதே சொல்றேன்."

மீன் பையை அவர் வாங்கிக்கொண்டார். படியேறும்போது பனாமாவைச் சொன்னார், கொடியைச் சொன்னார். அவள் அவரை முந்திக்கொண்டு ஏறினாள். வாசலுக்கு வரும்போதே மதலேனா போனோடு நின்றாள்.

"டேய் எட்மண்டு, கேன்சல் பண்ணிட்டு இறங்குடா... காசு கிடக்கட்டும்டா... யாரா? சிலுவைராஜ் மாமாதான்டா சொல்றாரு." கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது. போனை அவர் பக்கம் நீட்டினாள். "போகச் சொன்னதும் அவருதான, இப்ப என்னன்னு கேக்கறான். நீங்களே சொல்லுங்க."

பையிலிருந்து மீன் தண்ணி காலில் சொட்டியது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் போனை வாங்கினார்.

"எட்மண்டு, நான் தெரியாமப் பேசிட்டேன்யா. உங்க கப்பலுக்கு யாரும் வரமாட்டாங்க."

"அங்கிள்... நெஜமாவா?"

"நெஜம்யா. இறங்கிடு."

ஒரே கரகரப்பு. யாரோ இங்கிலீஷில் பேசுவது கேட்டது. பிறகு எட்மண்டின் குரல், போனுக்கு இல்லை, பக்கத்தில் இருந்த ஏஜென்டுக்கு: "சார், ஒன் மினிட். மை நேம், கேன்சல்."