மூன்றாவது பாட்டில் தாளம் இல்லை

இசைத்தட்டு அச்சடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலை கேட்பது. புது ஆர்டர் வந்தால் சோதனைக்காக ஐந்து தட்டு மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். அவற்றைப் போட்டுக் கேட்டு, கீறலோ கரகரப்போ இருந்தால் எந்த நிமிடம், எந்த நொடி என்று தாளில் குறிக்க வேண்டும். அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் மீதித் தட்டுகள் அச்சாகும்.

கேட்கும் அறைக்கும் அச்சுக்கூடத்துக்கும் நடுவே ஒரு தடித்த சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாம் எந்திரத்தில் நிற்பவன் அவளுடைய தம்பி. எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் அடித்த முந்நூறு தட்டுகளில் வளைவு இருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். "கூடப்பிறந்தவளே குழி பறிச்சா யார்கிட்டப் போய்ச் சொல்ல" என்று அவன் சாப்பாட்டு மேசையில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அவள் காதுக்கு வராதது ஏது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கேட்க வந்தது ஒரு டெக்னோ ஆல்பம். டெக்னோ என்றால் இடிக்கிற தாளத்துக்கு ஆடுகிற மின்னிசை. ஆனால் இது ஆடுவதற்கானது இல்லை. உட்கார்ந்தோ படுத்தோ கேட்பதற்கு என்று அதைச் செய்தவரே எழுதி அனுப்பியிருந்தார்.

"ஆடாத டெக்னோவா? உப்பில்லாப் பண்டம் மாதிரி" என்று மேலாளர் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் அதைச் செய்தவர் கதவருகே நிற்பதைக் கவனித்தார். சோதனைத் தட்டைத் தானும் கூட இருந்து கேட்க வேண்டும் என்று வந்திருந்தார் அந்த மனிதர். கூச்ச சுபாவம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

காதக்கா முள்ளை இறக்கினாள். முதல் இரண்டு பாட்டிலும் தாளம் இருந்தது. போர்வைக்கடியில் துடிக்கிற மாதிரி மெல்ல. மூன்றாவதில் அதுவும் இல்லை. நீளமான ஒரு சத்தம் மட்டும் விரிந்துகொண்டே போனது. தன்னையறியாமல் அவள் தோள்கள் தளர்ந்தன.

நாலு நிமிடம் பத்து நொடியில், தொம்.

அவள் தாளில் குறித்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு தொம். அதையும் குறித்துக்கொண்டு இரண்டாவது தட்டை எடுத்துப் போட்டாள். நாலு பத்தில் ஒன்றும் இல்லை. நாலு முப்பத்தைந்தில் வந்தது.

"இந்தச் சத்தம் நீங்க வச்சதா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. மூணாவதுல தாளமே கிடையாது."

அவள் முள்ளைத் தூக்கிவிட்டாள். அறை அமைதியானது. இருவரும் காத்திருந்தார்கள். தொம். தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அடுத்தது கையிலேயே இடித்தது.

சுவருக்குப் பின்னால் ஓடுவது பாய்லரிலிருந்து எந்திரங்களுக்குப் போகும் ஸ்டீம் குழாய். குழாயில் தண்ணீர் தேங்கினால் ஆவி அதைத் தூக்கி எறியும், அப்போது குழாய் இடிக்கும் என்று பாய்லர்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இது எத்தனை நாளாக இடிக்கிறதோ, யாருக்குத் தெரியும். இத்தனை மாதமும் அவள் கேட்டதெல்லாம் ஆட்டத் தட்டுகள். அந்த இடியில் இந்த இடி கலந்து போயிருக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"ஸ்டீம் பைப்னா முனகத்தான் செய்யும்" என்றார் அவர். "சாயங்காலத்துக்குள்ள லோடு ஏறணும். பாய்லர்காரர் மதியம் வர்றாரு, பார்க்கச் சொல்றேன்."

"மதியம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாமே."

"நிறுத்தினா மறுபடி சூடேற மூணு மணி நேரம். நீங்க உங்க பாட்டைக் கேளுங்கக்கா."

அவள் திரும்பி வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவே எழுபது நொடி. பிறகு ஐம்பத்தைந்து. பிறகு நாற்பது.

"மேலாளர் மேசைக்குப் பின்னால சிவப்புப் பொத்தான் இருக்கு. பாய்லரை நிறுத்தறது" என்று இசைக்காரரிடம் சொன்னாள். "நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க சொல்லிப் பாருங்க." அவர் கண்ணாடியைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அச்சுக்கூடத்தில் எந்திர இரைச்சலில் தொம் கேட்கவே இல்லை. அன்று ஓடியவை இரண்டாம், மூன்றாம் எந்திரங்கள் மட்டும்தான். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தலைக்கு நேர் மேலே குழாயின் முழங்கை வளைவு. அந்த இணைப்பில் ஒரு சொட்டு நீர் தொங்கி நடுங்கியது. விழுந்தது. உடனே இன்னொன்று திரண்டது.

"தம்பி, கொஞ்சம் இப்படி வா."

அவன் திரும்பவில்லை. மூன்றாம் எந்திரத்துக்காரரைப் பார்த்து, "வேலை நேரத்துல தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லுங்கண்ணே" என்றான்.

"மேல குழாயைப் பாருடா. வெளிய வா."

"இன்னும் என் பேர்ல என்ன எழுதணுமாம்னு கேளுங்கண்ணே."

அவளுக்கு அவனைத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அன்பாகக் கூப்பிட்டால் நகர மாட்டான். வம்புக்கு இழுத்தால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவான். அவள் குரலை உயர்த்தினாள்.

"அன்னிக்கு நான் எழுதினது சரிதான்டா. உனக்கு வேலை தெரியாது. அப்பா சிபாரிசுலதானே உள்ள வந்தே."

அவன் கையுறையை உருவி எறிந்தான். அவள் பின்னோக்கி நடந்தாள். "சொல்லு, இன்னொரு தடவை சொல்லு" என்று அவன் வந்தான். கை நீட்டிவிடப் போகிறானே என்று பயந்து மூன்றாம் எந்திரத்துக்காரரும் பின்னாலேயே வந்தார். அவள் கதவுவரை இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்போது இடித்தது எல்லோருக்கும் கேட்டது. வளைவு பிளந்து கொதிநீரும் ஆவியும் இரண்டாம் எந்திரத்தின் மேல் கொட்டின. கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. தரையில் ஓடி வந்த சுடுநீர் தம்பியின் வலது காலை நனைத்தது. அவன் கத்தினான். அவள் அவன் சட்டையைப் பற்றி வெளியே இழுத்தாள். சற்று நேரத்தில் சீறல் இறங்கியது. இசைக்காரர் மேலாளரிடம் எதுவும் சொல்லவில்லையாம். நேரே போய்ப் பொத்தானை அழுத்திவிட்டாராம்.

மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப் போட்டு அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்றான். "அப்ப சொன்னதெல்லாம் என்னை வெளிய கூப்பிடத்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும். அவளால் முடியவில்லை.

"கூப்பிடத்தான் சொன்னேன். அப்பா பேச்சை இழுத்தது தப்பு. ஆனா அந்தத் தட்டு வளைஞ்சுதான் இருந்துச்சு."

அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"நானும் பார்த்தேன்" என்றான். "நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

தொழிற்சாலை பதினெட்டு நாள் மூடிக் கிடந்தது. பழைய குழாய் முழுவதையும் கழற்றி மாற்றினார்கள். மேலாளர் அவளிடம் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. காலையில் வந்ததும் கேட்கும் அறைக் கதவைத் தட்டி, "ஏதாவது கேக்குதாக்கா?" என்று விசாரிக்கும் பழக்கம் மட்டும் வந்தது.

அந்த ஆல்பத்தைத் தம்பிதான் அடித்தான். முதல் தட்டை அவனே நொண்டிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் இரண்டு பக்கமும் கேட்டாள். இரண்டாம் பக்கத்தில், இரண்டு நிமிடம் இருபது நொடியில், மயிரிழை மாதிரி ஒரு கீறல். அவள் பேனாவை எடுத்து எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "சரி, வேற அடிச்சுக் கொண்டாறேன்" என்று எழுந்து போனான்.