மூணடுக்கு

காஞ்சிபுரத்தில் ஒரு ராக் பேண்டு என்றதும் முதலில் சிரித்தது காஞ்சிபுரம்தான். பட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் இது எங்கே நுழைந்தது என்று கேட்டார்கள். எட்டு வருடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடினாள் சங்கரி. பாட்டெல்லாம் அவளே எழுதியது. ஸ்ரேயாஸ் கிட்டார், தினகரன் டிரம்ஸ். வாலாஜாபாத் பள்ளியில் கிடைத்த டீச்சர் வேலையைக்கூட இதற்காக அவள் வேண்டாமென்றாள். அவளுக்கு இந்த இரண்டு பேரை விட்டால் வேறு உலகம் இல்லை.

பேண்டின் பெயர் மூணடுக்கு. ஸ்ரேயாஸ் ஜைன வீட்டுப் பிள்ளை, பொழுது சாய்ந்தால் சோறு தொடமாட்டான். அதனால் எந்த ஊரில் நிகழ்ச்சி என்றாலும் அவன் அம்மா குணமாலா மூன்றடுக்குக் கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். ஆளுக்கு ஓரடுக்கு. மூன்றிலும் ஒரே எலுமிச்சம் சாதம், ஓரத்தில் வாழைக்காய் வறுவல். வெங்காயம் இல்லையே என்று கேலி பேசிக்கொண்டே தினகரன் வழித்துத் தின்பான். வானத்தைப் பார்த்து, "சாப்டுங்கபா" என்று குரல் கொடுப்பது சங்கரியின் வேலை.

அன்று சென்னையில் அவர்களுடைய முதல் பெரிய மேடை. மாலை ஐந்தரைக்கு, பின்னாலிருந்த கூடாரத்தில் சங்கரி கேரியரைத் திறந்தாள். மேலே சாதம். நடுவில் பருப்புக் கூட்டு. அடியில் தயிர். ஒரே ஓர் ஆள் சாப்பாடு.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அம்மா எங்கள மறந்துட்டாங்களாபா?"

ஸ்ரேயாஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் தனியான்னு தான் சொன்னேன். அவங்க இன்னிலேர்ந்தேன்னு நெனச்சிக்கினாங்க போல."

சென்னையில் ஒரு மியூசிக் கம்பெனி அவனை மட்டும் கேட்டதாம். கையெழுத்துப் போட்டு இருபது நாளாகிறதாம். இன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தானாம். எவ்வளவு நல்ல மனசு!

"தினாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அறையலாமா என்று கை துறுதுறுத்தது. அவனைவிட குணமாலாவை நினைத்துத்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. எட்டு வருடம் சோறு போட்டவள், ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் சோற்றை நிறுத்திவிட்டாளே.

கூடாரத்தின் இடுக்கில் வெயில் சிவந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம், அவள் கண் அங்கேதான் போனது.

"பொழுது போவுது. சாப்பிடு."

"எனக்கு வேணாம், சங்கரி."

"நைட்டு முழுக்கப் பட்டினி கெடந்துக்கினு வாசிப்பியா? சாப்பிடுபா."

அவன் சாதத்தில் கை வைக்கப் போனபோது தினகரன் உள்ளே வந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி, எப்போதும்போல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என் அடுக்கக் குடு. செம பசி."

ஸ்ரேயாஸ் சங்கரியைப் பார்த்தான். இப்போது சொன்னால் தினகரனை எப்படி மேடையேற்றுவது? அவள் கேரியர் மூடியில் பாதிச் சாதத்தை அள்ளி வைத்து, கூட்டை ஊற்றி, தினகரனிடம் நீட்டினாள்.

"அம்மாவுக்கு ஒடம்பு முடியலியாம். இன்னிக்கு இவ்ளோதான்."

"உனக்கு?"

"பசிக்கல."

தினகரன் அள்ளி அள்ளித் தின்றான். விரலைச் சூப்பிவிட்டு ஸ்ரேயாஸின் முதுகில் தட்டினான்.

"அடுத்த வாரம் வறுவல் கூட வெக்கச் சொல்லுபா, அம்மாவ."

"சொல்றேன்," என்றான் ஸ்ரேயாஸ்.