கனிஷ்கா அழுத அத்தியாயம்

சிங்காநல்லூர் வாசகர் வட்டத்தில் அதிக நாவல்கள் படித்தவள் ரிஃபானா. புதிதாகச் சேர்ந்த கனிஷ்கா, தான் படித்த முதல் நாவலைப் பற்றிப் பேசினாள். அதன் நாயகியைப் போலவே தானும் தங்கையோடு இரண்டு வருடமாகப் பேசவில்லை என்று அவள் சொன்னபோது எல்லோர் கண்ணும் கலங்கியது. ரிஃபானாவுக்கு வயிறு எரிந்தது. தனக்கு ஒருநாளும் இப்படிப் பேச வந்ததில்லை.

"அடுத்து எதைப் படிக்கட்டுங்க அக்கா?" என்று கனிஷ்கா அவளிடமே கேட்டாள். பாதிக்கு மேல் தன்னாலேயே படிக்க முடியாத ஒரு தடித்த நாவலை ரிஃபானா வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் கனிஷ்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி அத்தியாயத்துல அழுதுபோட்டேனுங்க அக்கா. அன்னிக்கே தங்கச்சிக்கு போன் பண்ணிப் பேசிட்டேனுங்க."

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்றே ரிஃபானாவுக்குத் தெரியாது. "புஸ்தகத்தைக் குடு கண்ணு" என்று பறிக்காத குறையாக வாங்கினாள். பேருந்தில் உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.