பாமினி இல்லாத மெசின்

றிஸ்மி தன் கடையிலிருந்த புது மெசினில் பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடந்தன. சொல்லென்று எடுக்க அதில் ஒன்றுமில்லை. இடைக்கிடை அரைப்புள்ளிகள், சீனியில் எறும்பு ஏறியதுபோல.

"வைரஸ் பாஞ்சிட்டு," என்றான் நளீர். ஆட்டோ சாவியால் காதைக் குடைந்தபடி மனைவி மர்ஷூதாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "நான் அப்பவே சென்னேன். கரிஞ்ச மெசினுக்க இருந்த சாமானெல்லாம் கரிஞ்சிதான் இரிக்கும்."

"வைரஸ் இல்ல நானா, பாமினி," என்றான் றிஸ்மி. "இந்த மெசினுக்கு அந்த எழுத்தப் போட ஏலா. அதான் இப்பிடிக் காட்டுது."

மர்ஷூதா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தாள். அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. "...எனது மகள் மீது எனக்குள்ள அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு..." என்று அந்த ஆங்கிலக் குப்பையிலிருந்து வாசித்துக்கொண்டு போனாள். அவள் வாசிக்கிறாள் என்பது பக்கத்தில் நின்ற மகள் பஸ்னாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதில் வியப்பதற்கு எதுவும் இருப்பதாக மர்ஷூதா நினைக்கவில்லை. பாண்டிருப்பு அழகரெத்தினம் நொத்தாரிசுக்குக் காணி உறுதிப் பத்திரங்கள் அடித்துக் கொடுக்கத் தொடங்கியபோது பஸ்னா பிறந்திருக்கவில்லை. அன்று கற்றது பாமினி. ஆங்கில விசைப்பலகையில் எஃப் எழுத்தைத் தட்டினால் 'க' விழும். கே எழுத்தைத் தட்டினால் 'ம'. அடியில் கிடப்பது எப்போதும் ஆங்கில எழுத்துத்தான், பாமினி அதற்கு மாட்டிவிடும் உடுப்பு. உடுப்பைக் கழற்றினாலும் ஆளைத் தெரியாமல் போகுமா?

போன கிழமை மழையோடு மழையாகக் கரண்ட் போய், பிறகு ஒரு வெட்டு வெட்டித் திரும்பி வந்தது. அறையில் இருந்த கொம்பியூட்டரிலிருந்து கருகிய மணம் கிளம்பியது. கழற்றிப் பார்த்த றிஸ்மி, உள்ளே இருந்த கோப்புகளை மட்டும் பென் டிரைவில் அள்ளிக் கொடுத்துவிட்டு, மதர்போட் பலகை எரிந்துவிட்டது, அந்தக் காலத்துப் பலகையை இனி எங்கேயும் போய்த் தேட ஏலாது என்று கையை விரித்தான். அதே கிழமையில்தான் பஸ்னாவுக்குப் பேராதனை கெம்பஸ் கிடைத்த செய்தியும் வந்தது. கையில் இருந்த காசு ஒரு சாமானுக்குத்தான் காணும். அதுவும் மேல் வீட்டுக்கு யன்னல் போட வைத்திருந்த காசு. மேல் வீடு என்பது பஸ்னாவுக்குச் சீதனமாகக் கொடுக்கக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. யன்னல் வைக்க வேண்டிய இடங்களில் சாக்குத் தொங்கியது.

"ஒரு டெப் எடுப்பம்," என்றான் நளீர். "விலயும் கொறவு. மிச்சத்துல ரெண்டு யன்னலயாவது வெக்கலாம்."

"டெப்புல எசைன்மென்ட் எழுத ஏலா வாப்பா."

"ஏன் ஏலா? நாள் பூரா போன்லதானே எழுதிக்கிட்டிரிக்காய்."

"அது வேற, இது வேற." பஸ்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கெம்பஸ்ல எல்லாம் நெட்லதான். அங்க வைபை இரிக்கி. எனக்கு இது காணும்."

'இது' என்று அவள் சொன்னது றிஸ்மி திறந்து வைத்திருந்த மெல்லிய, சாம்பல் நிறச் சாமானை. சாதாரண லெப்டொப்பின் விலையில் பாதிக்கும் கொஞ்சம் கூட. "கிளவுட் மெசின் நானா," என்று றிஸ்மி விளக்கினான். "உள்ளுக்க ஒண்டும் வெக்கத் தேவல்ல. எழுதுறது, படம், எல்லாம் மேல போய் நிக்கும். எங்க இரிந்தும் எடுக்கலாம்."

"மேல எண்டா? மழ பெஞ்சா?"

"மழ பெஞ்சா ஒண்டுமில்ல. நெட் போனாத்தான் கொஞ்சம் கஷ்டம்."

"நெட் போனா வெறும் பலக எண்டு செல்லு," என்று நளீர் சிரித்தான். மகள் பக்கம் திரும்பினான். "நாளைக்கு மாப்பிள்ள வந்தா யன்னல் இல்லாத ஊட்டுலயா படுக்க வெக்கிற? இந்த லெப்டொப்புக்குள்ளயா?"

"கிளவுட்ல படுக்கட்டும்."

றிஸ்மி வாயைப் பொத்திக்கொண்டான். மர்ஷூதாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருந்தது. காலையிலிருந்து கடைக்குக் கடை நின்று கால் கடுத்தது. அவளுடைய கண் கடையின் பின்பக்கம் போயிற்று. அங்கே போட்டோ கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் பழைய பெட்டிக் கொம்பியூட்டர்கள் அடுக்கியிருந்தன, பாவித்ததுகள், தூசி படிந்ததுகள். அதில் ஒன்றை எடுத்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம். திங்கட்கிழமை ஒப்பமிட வேண்டிய உறுதி ஒன்று அவளுக்காகக் காத்துக்கிடக்கிறது. நொத்தாரிசு ஐயா நேற்றுப் போன் எடுத்துப் பக்குவமாகத்தான் கதைத்தார். 'தங்கச்சி, ஏலாட்டி சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு பிள்ளை அடிச்சுத் தாறனெண்டு கேட்டுக்கொண்டிருக்குது.' அவர் அதட்டியிருந்தால் இவ்வளவு பயம் வந்திராது. ஒரு தடவை கைமாறிய வேலை திரும்பி வராது. நளீரின் ஆட்டோ ஓடும் நாளும் உண்டு, முதுகு பிடித்துப் படுக்கையில் கிடக்கும் நாளும் உண்டு. கிடக்கும் நாட்களில் உறுதிதான் சோறு.

பஸ்னா தாயின் பார்வை போன இடத்தைக் கண்டாள்.

"உம்மா, அந்தப் பழசெல்லாம் எத்தின நாளைக்கு? பாமினிய இப்ப ஆரு பாவிக்கிற? எல்லாரும் யுனிகோட்டுக்கு மாறிட்டாங்க. நீங்களும் அதப் பழகினா இந்த மெசின்லயே தமிழ் எழுதலாம்."

"பழகலாம் மகள்."

"அப்ப பழகுங்களன்!"

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடையில் நின்ற வேறு யாரோ திரும்பிப் பார்த்தார்கள். மர்ஷூதா பழகாமல் இல்லை. போன வருடம் பழகிப் பார்த்தாள். மூளை ஒன்றைச் சொல்ல விரல் வேறொன்றைத் தட்டியது. ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் கழுத்து நரம்பு இழுத்து, தலையிடி கிளம்பி, பழையபடி பாமினிக்கே போய்விட்டாள். விரலுக்கும் வயது போகும் என்பதை இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சொன்னாலும், அது ஏதோ குற்றம் சொல்வதுபோல இருக்கும்.

மூன்று பேரும் மூன்று சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. றிஸ்மி மரியாதைக்காகக் கடையில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். பஸ்னா குழம்பிய கோப்பை மூடிவிட்டு, வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து தன் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகை நிமிர்த்தி, கை மணிக்கட்டை உயர்த்தி. மர்ஷூதா யாரும் சொல்லிக் கொடுக்காமல் பழகிய அதே இருப்பு. வீட்டில் உம்மாவின் கொம்பியூட்டர் மேசைக்குப் பக்கத்துப் பாயில் கிடந்து வளர்ந்தவளல்லவா.

"இதக் கட்டு தம்பி," என்றாள் மர்ஷூதா, சாம்பல் நிறச் சாமானைக் காட்டி.

"அப்ப உன்ட வேல?" என்றான் நளீர்.

"பாப்பம்."

விட்டுக்கொடுத்ததாக அவளுக்கே தோன்றவில்லை. யோசித்து யோசித்துக் களைத்துப்போன ஒருத்தி, கதிரை கண்ட இடத்தில் உட்காருவதைப்போலத்தான் அது இருந்தது.

கட்டிக் கொடுக்கும்போது றிஸ்மி அந்தப் பென் டிரைவைப் பின்னாலிருந்த தன் பழைய கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினான். அது பாமினி உள்ள மெசின். அதே கோப்பு அங்கே சுத்தமான தமிழாக நின்றது. "பாத்தீங்களா ராத்தா? எழுத்துல ஒரு பழுதும் இல்ல. மூஞ்சிதான் மாறியிருந்திச்சி."

அந்தச் சொல்லை மர்ஷூதா ஆட்டோவில் வரும் வழியெல்லாம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை மஃரிபு தொழுத கையோடு புது மெசினை விரித்து வைத்துக்கொண்டு திங்கட்கிழமை உறுதியை அடித்தாள். தமிழில் வராவிட்டால் என்ன, அடிப்பதை அடிப்போம். றிஸ்மியின் மெசினில் உடுப்பை மாட்டிக்கொள்ளலாம். திரையில் ஆங்கிலக் குப்பை நிரம்பியது. அவள் அதைத் தமிழாக வாசித்துக்கொண்டே போனாள். கடற்கரைப் பக்கத்து வளவு ஒன்றை ஒரு தகப்பன் மகளுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதி. வடக்கே இன்னாருடைய வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய வளவு.

பஸ்னா பக்கத்தில் வந்து குந்தினாள். "இதென்ன உம்மா?"

"கிழக்கு."

"இது?"

"கடல்."

திரையில் fly; என்று இருந்தது. பஸ்னா அதை இரண்டு தரம் பார்த்தாள். "உம்மா! கடல் எண்டு அடிச்சா பறக்கிற எண்டு வருது!" விழுந்து விழுந்து சிரித்தாள். கடைக்குப் போய் வந்த பிறகு அப்போதுதான் இரண்டு பேரும் முகம் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் வந்த வினை திங்கட்கிழமை தெரிந்தது. பிள்ளைக்குக் காட்டுவதற்காகக் கடலை அழித்து அழித்து இரண்டு மூன்று தரம் அடித்ததில், கடைசியாக நின்றது வேறொன்று. நொத்தாரிசு ஐயா போன் எடுத்தார்.

"தங்கச்சி, கிழக்கு எல்லை என்ன?"

"கடல் ஐயா."

"இதில கடன் எண்டெல்லோ கிடக்கு."

மர்ஷூதா இத்தனை வருடத்தில் எல்லையில் பிழை விட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையின் பெயர் இப்போது வரும் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அழகரெத்தினம் ஐயா இருமியபடி சிரித்தார். "இந்தாளுக்கு நாலு எல்லையும் அதுதான். ஆனா உறுதியில போடேலாது. கெதியாத் திருத்தி அனுப்புங்கோ."

வேலை போகவில்லை. போகவில்லை என்பதைவிட, இன்னும் போகவில்லை என்பதே சரி. அடுத்த தடவையும் ஐயா சிரிப்பார் என்று என்ன நிச்சயம்?

பஸ்னா பேராதனைக்குப் போகும்போது மெசினும் அவளோடு போனது. போவதற்கு முதல் நாள் அவள்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள். எரிந்த கொம்பியூட்டரின் விசைப்பலகை சும்மா கிடந்தது. றிஸ்மியிடம் ஒரு சின்ன வயர் வாங்கிவந்து அதை உம்மாவின் போனில் கொழுவிவிட்டாள். பெரிய பலகை, அதன் தலைமாட்டில் சோற்றுக் கோப்பையில் சாய்த்து நிறுத்திய சின்னப் போன். முதல் தடவை மர்ஷூதா ஒரு வரி அடித்தபோது போன் தானாகவே அதை ஏதோ ஆங்கிலச் சொல்லாகத் திருத்திவிட்டது. "கிழக்க எங்கயோ கொண்டு போகுது மகள்!" என்றாள். பஸ்னா அந்தத் திருத்தும் வேலையை நிறுத்திக் கொடுத்தாள். "இனி உங்கட பிழ உங்களுக்கு," என்றாள்.

அதன் பிறகு மர்ஷூதா பகலில் சமையல் முடித்துவிட்டு அறையின் யன்னலோரம் உட்கார்ந்து அடிக்கிறாள். எழுத்துகள் நெல்லை விடச் சிறிசு. ஒரு எல்லைக்கு மூன்று தரம் குனிந்து பார்க்கிறாள். கண் எரிகிறது, கழுத்து இறுகுகிறது, அடித்து முடித்ததை றிஸ்மிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். ஒரு நாள் கை தவறி நளீருக்கு அனுப்பிவிட்டாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு அவன் போன் எடுத்தான். "இஞ்சே, உன்ட போன ஆரோ ஹெக் பண்ணிட்டாங்க! ஒண்டையும் தொடாத!" மேல் வீட்டுச் சாக்கு காற்றில் அடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. "ஓம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது.

இன்று நாவிதன்வெளி வயற்காணி ஒன்று. எல்லையெல்லாம் வாய்க்காலும் வரம்புமாக நீளமான உறுதி. பாதியில் மேலே மணியடித்து ஒரு செய்தி வந்து நின்றது. பஸ்னா. போனவள் இரண்டு நாளாகத் தாயோடு கதைக்கவில்லை. அங்கே நெட் சரியில்லை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வைபையில் தொங்குகிறார்கள் என்று தகப்பனிடம் சொல்லியிருந்தாள். மெசின் வெறும் பலகையாகத்தான் கிடக்குமோ என்று மர்ஷூதாவுக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு.

திறந்தாள்.

ck;k

அவ்வளவுதான் இருந்தது. மர்ஷூதா கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியிருக்க வேண்டும். முதல் எழுத்துச் சரி. புள்ளியும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கடைசியில்தான் ஓர் அரவு, அந்தத் துணைக்கால், குறைகிறது; 'உம்ம' என்று நிற்கிறது.

அரவுக்கு உரிய எச் விசையில் எழுத்துத் தேய்ந்து எத்தனையோ வருடம். வெள்ளையாக, நடுவில் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. மர்ஷூதா அதை ஒரு தடவை தட்டினாள். சின்னத் திரையில் தனியாக நின்ற அந்த h ஐ அப்படியே அனுப்பிவிட்டு, விரலை விசையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.