ஊரெல்லாம் இருந்த பெயர்

"அசையாதீங்க, கீறிடும்" என்று சொல்லி அம்மா அப்பாவின் தாடையை இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை இருந்தது. பிளேடு காதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த மகள் டம்ளரோடு ஓடிவந்தாள். அது அவளுடைய பெயர்.

"சொல்லுங்கப்பா. இங்கதான் இருக்கேன்."

அப்பா அவளைப் பார்த்தார். இரண்டு நாளாக இல்லாத தெளிவு அந்தக் கண்ணில் இருந்தது.

"நீ இல்ல" என்றார்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதிரில் லாரி ஏறி வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் "பிரேக்" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவள். இப்போது கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"வேற யாரைப்பா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா பிளேடைக் குவளைத் தண்ணீரில் அலசினாள்.

"பாலை அங்க வெச்சிட்டுப் போ பாப்பா. அவர் கூப்பிடுறது என் அக்காவை."

பெரியம்மாவுக்கும் தனக்கும் ஒரே பெயர் என்பது மகளுக்குத் தெரியாததில்லை. அதில் ஒன்றும் விசேஷம் இருப்பதாக அவள் நினைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். அச்சில் எங்கே அந்தப் பெயர் வந்தாலும் வீணான தாளில் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்து எடுத்து வந்துவிடுவார். சரித்திரப் பாடத்தில் அந்தப் பெயரில் ஒரு ராணி கோட்டையைக் காத்தாள். கவிதைப் புத்தகத்தில் ஒருத்தி ஆற்றங்கரையில் காத்திருந்தாள். சினிமா சுவரொட்டியில் ஒருத்தி குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை சோப்பு உறை வந்தது, ஒருமுறை கரை தட்டிய கப்பல். "பாத்தியா, எல்லாம் நீதான்" என்று சொல்லி அவர் தாளை மேசையில் விரிப்பார். அவள் விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்ப்பாள். தான் ஏதோ பெரிய ஆள் என்ற நினைப்பு அவளுக்குப் பல வருஷம் இருந்தது. அப்பா விரித்ததை அம்மா எடுத்து அடுக்களை அலமாரித் தட்டில் போட்டு, அதன்மேல் எண்ணெய் பாட்டிலை வைத்துவிடுவாள்.

அந்தப் பெயர் ஊரெல்லாம் இருந்தது அப்பாவுக்கு எவ்வளவு வசதி என்று மகளுக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மா ஒருநாளும் அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டதில்லை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அம்மாவுக்கு அவள் பாப்பாதான்.

"அவளைத்தான் முதல்ல பொண்ணு கேட்டாங்க" என்றாள் அம்மா, நுரையைத் துண்டால் ஒற்றி எடுத்தபடி. "அவ மாட்டேன்னுட்டா. வீட்ல சும்மா இருந்தது நான். என்னைக் கொடுத்தாங்க."

"நீ ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எதை? உன் பேர் யாரோடதுங்கிறதையா?"

மகள் கையிலிருந்த டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"காலையில அவளுக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டிருக்கா" என்றாள் அம்மா.

மதியம் பெரியம்மா வந்தாள். வேறு ஊரில் பெண்கள் விடுதி நடத்துகிறவள். தடித்த உடம்பு, சாயம் போட்ட முடி, முழங்காலில் வலிக்குப் போட்ட பட்டை. பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி என்னை வரச் சொன்னே? எப்படி இருக்காரு?"

"நீயே வந்து கேளு" என்று அம்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சவரம் செய்த முகம் தலையணையில் சின்னதாகத் தெரிந்தது. அம்மா குனிந்து அவர் காதருகில், "ஏங்க, கேட்டீங்களே, இதோ வந்துட்டா" என்றாள்.

அப்பா பெரியம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது யாரு கிழவி? அவளைக் கூப்பிடு."

பெரியம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். அடுத்த தடவை குரல் உடைந்து, தொலைந்துபோன குழந்தை கூப்பிடுவதுபோல் இருந்தது.

அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து கட்டிலின் மறுபக்கம் நின்று, "நான்தான். வந்துட்டேன்" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகம் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"வந்துட்டியா?"

"ம்."

"வெயில்ல நடந்தா வந்தே?"

"ஆமா."

"கால் வலிக்குமே. நின்னுட்டே இருக்கியே, உக்காரு."

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கை துழாவி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"சாப்பிட்டியா?"

கதவோரம் நின்ற மகள் கீழே பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து இந்த வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசியதெல்லாம் அதை எடு, இதை வை, கதவைச் சாத்து என்பவைதான்.

"சாப்பிட்டேன்" என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறும் இல்லை. "நீங்க தூங்குங்க."

அவர் தூங்கினார். வெயில் சுவரைவிட்டு இறங்கும் நேரத்தில் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, பிறகு வராமலே போனது. அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தன் கையை எடுத்து, காலையில் நுரை துடைத்த துண்டிலேயே துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள். பெரியம்மாவுக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அந்த மனுஷன் முகத்தைக்கூட நான் சரியா பாக்கலடி. ஒரே ஒரு தடவைதான் எனக்காக வந்தாரு. எதிர்ல உக்காந்து காபியை உர்ருன்னு உறிஞ்சினாரு. அந்தச் சத்தம் பிடிக்கல. அதான் வேணாம்னேன். வேற ஒரு காரணமும் இல்ல."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"தினம் ரெண்டு வேளை" என்றாள் மூச்சு வாங்க. "தினம் ரெண்டு வேளை நான் கேட்டேன் அதை."

மகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அம்மா குடிக்கவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்தது. அப்பா வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி கடைசியாக வந்தார். மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிட்டிருந்தாராமேம்மா. அங்கேயும் அப்படித்தான். எந்தத் தாள்ல உன் பேர் வந்தாலும் எடுத்து வெச்சுக்குவாரு. இப்படி ஒரு அப்பன் யாருக்குக் கிடைப்பான்?"

மகள் வாயைத் திறந்தாள். நாற்காலியிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. மகள்னா அவருக்கு உசிரு."

பெரியம்மா பக்கத்து நாற்காலியில் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தலையை ஆட்டினாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்திருந்த நோயாளிக் கட்டிலை எடுத்துப்போக இரண்டு ஆட்கள் வந்தார்கள். விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து, எல்லாம் தயாராக இருந்தது. அவர்கள் கட்டிலின் இரண்டு முனையிலும் கை வைத்தபோது அம்மா எழுந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. ஆட்கள் மகளைப் பார்த்தார்கள்.

"அம்மா, அவங்க எடுத்துட்டுப் போகணும்."

"போகட்டும். இரு" என்று அம்மா காலைத் தூக்கி நீட்டிப் படுத்துக்கொண்டாள். "கால்மாட்டுல ஒரு பிடி இருக்கும் பாரு. சுத்து."

ஆட்கள் மெல்ல வாசலுக்கு நகர்ந்தார்கள். மகள் குனிந்து பிடியைச் சுற்றினாள். கட்டிலின் தலைப்பக்கம் கிறீச்சென்று உயர்ந்தது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கண்கள் மூடியிருந்தன.

"போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.