பொல்லைத் தூக்கிய கை

நீலக் கையுறைக்குள் இருக்கும் அவளுடைய விரல் பொல்லின் தலையிலிருந்து இறங்குகிறது, வளைந்து வளைந்து வெட்டிய வரிகளுக்குள் போய் வந்து, பலருடைய உள்ளங்கை பட்டுக் கறுத்த பிடியில் நிற்கிறது, நான் கண்ணாடிக்கு வெளியே கார்ச் சாவியோடு நிற்கிறேன், என் மனைவி கௌசலா என்னைக் காணவில்லை, அது எந்த வெள்ளிக்கிழமை, எல்லா வெள்ளியும் அப்படித்தான், மெல்பேர்னில் ஒரு அருங்காட்சியகத்தின் பின்னறையில் பழம்பொருட்களைப் பேணுவது அவள் வேலை, இந்த மண்ணின் ஆதிக்குடிகள் செதுக்கிய மரப் பொல்லுகள், வேட்டைக்கும் சண்டைக்குமான தடிகள், ஒரு இழுப்பறை நிறைய, அவற்றில் இந்த ஒன்றை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், கையில் அல்ல, வாயில், பிடி தேய்ஞ்சிருக்கிறதைப் பார்த்தா ஆள் இடக்கையன் போல கிடக்கப்பா, பருப்புக் கடைந்தபடி சொன்னாள், ஆர் ஆள், பொல்லுக்காரன்தான், நான் எந்தக் கையால் தலை சீவுகிறேன் என்று அவளைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, செத்தவன்மேல் பொறாமைப்படுவதில் ஒரு வசதி, அவன் சண்டைக்கு வரமாட்டான், கனவில் நான் அந்தப் பொல்லைப் போல வெள்ளை நுரைப்பஞ்சில் கிடக்கிறேன், என் அளவுக்கு வெட்டிய பள்ளம், அவள் குனிகிறாள், என்னைத் தாண்டி அடுத்த இழுப்பறையைத் திறக்கிறாள்.

பொல்லை, அதைச் செதுக்கிய தன் சனத்திடம் கொண்டுபோக டெஸ்மண்ட் வந்த நாளும் வெள்ளிதான், அந்தச் சனத்தின் பெரியவர், தோளில் சத்திரசிகிச்சை செய்து கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தார், அருங்காட்சியகம் முன்பு அனுப்பிய படத்தில் தெரியாத பக்கத்து வரிகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார், அவர் பேசியது ஆங்கிலம், நினைவில் எங்கள் தமிழ்தான் பேசுகிறார், தங்கச்சி, இது ஆம்பிளையளின்ர, முந்தித் தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன், இனி உங்கட கை படக்கூடாது. நான்தானே இவ்வளவு நாளும் பார்த்தனான், என்றாள் கௌசலா. ஓம், வடிவாப் பார்த்திருக்கிறியள், அதுக்கு நன்றி, என்றவர் திறந்த கதவடியில் நின்ற என் பக்கம் திரும்பினார், இவர் ஆர், என்ர மனுசன், தம்பி, நீர் தூக்கித் தாரும், கையுறை வேண்டாம், வெறுங்கை. உள்ளே போய்க் கார்ச் சாவியை அவளிடம் கொடுத்தேன், பொல்லை அள்ளினேன், நினைத்ததைவிடப் பாரம், பிடி என் உள்ளங்கைக்குள் தானாக வந்து அமர்ந்தது, அவர் விரித்த மரப்பட்டையில் கிடத்த மனமில்லாமல் கிடத்தி நிமிர்ந்தால், கௌசலா வெளியே நிற்கிறாள், கண்ணாடிக்கு அப்பால், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், கையில் சாவி, அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், எத்தனையோ வெள்ளிகள் அதே கண்ணாடியில் என் முகத்தில் பார்த்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் நான் குழாயைத் திறக்கிறேன், இஞ்சேருங்கோ, கழுவிப்போடாதேங்கோ, கழுவாமப் பிட்டை எப்பிடிச் சாப்பிடுறது, கரண்டியால சாப்பிடுங்கோ, சிரிக்கப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை, என் கையை மேசையில் மல்லாத்தி வைத்தாள், பாரமோ, ஓம், பிடி குளிரா இருந்ததோ, முதல்ல குளிர், பிறகு இல்லை, கௌசலா கண்ணை மூடுகிறாள், கையுறை இல்லாத அவளுடைய விரல் என் விரல் நுனியிலிருந்து இறங்குகிறது, ரேகைகளுக்குள் போய் வந்து, உள்ளங்கை நடுவில் நிற்கிறது, எத்தனை காலத்துக்குப் பிறகு, நான் அசையவில்லை, அசைந்தால் எடுத்துவிடுவாள், பிட்டு ஆறுகிறது, கௌசலா என்னைக் காணவில்லை.