பெட்டிக்குள் கற்பூரம்

வளவனிடம் விமான நிலையத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விமானத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அவன் ஊரான அடி அண்ணாமலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதன்முறையாக வெளிநாடு போகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் அவனைத் தேடி வந்தார்கள். ஆனால் குவைத்தில் அவன் இருந்ததாகச் சொல்லப்படும் இரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவனும் திறந்ததில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பியபோது அவன் தெருவுக்கே செண்டு புட்டி கொடுத்தான். ஒவ்வொரு புட்டியின் அடியிலும் சென்னைக் கடையொன்றின் பெயர் ஒட்டியிருந்தது. அக்கா சரோஜா புட்டிகளை வாங்கிப் பார்ப்பவள்போல நகத்தால் அந்தப் பெயர்ச் சீட்டுகளைச் சுரண்டி எடுத்தாள். பார்த்தவர்கள் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள். அந்த இரக்கத்துக்குள்தான் வளவன் அன்றிலிருந்து குடியிருந்தான். அதற்குக் கதவு இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் கார் ஓட்டுகிறான். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குகிறவர்களைச் சென்னை விமான நிலையத்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவான். அன்று நண்பகல் அவன் ஏற்றிச் செல்லவேண்டியது சரோஜாவின் மகள் சிந்துஜாவை. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் அவளுக்குச் செவிலியர் வேலை. நாளை மறுநாள் காலைக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"வாசல்ல நிக்கிற போலீஸ்காரர்கிட்ட பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டு. பவர் பேங்கைக் கைப்பையில வை, பெரிய பெட்டியில வச்சிடாத. பெட்டியைப் போட்டதும் ஒரு துண்டுச் சீட்டு தருவாங்க, அதைத் தொலைக்காத. உள்ள வரிசையா நாற்காலி இருக்கும், உக்காரு" என்றான் வளவன்.

"அதுக்கப்புறம், மாமா?"

சிந்துஜாவின் அப்பா தருமன் செருமினார். சரோஜா மகளின் பின்னலைச் சரிசெய்தாள். "மாமாவை நச்சரிக்காத. ஆளுங்க போற பக்கம் போ, அவ்ளோதான்."

பெட்டியை எடைபோட, பக்கத்துப் பெட்டிக்கடை வேதா தன் தொங்கு தராசோடு வந்திருந்தாள். வளவன் கொக்கியில் மாட்டித் தூக்கினான். முகத்துக்கு நேராக உயர்ந்த பெட்டியின் இடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. அவன் மூக்கை இடுக்கருகே கொண்டுபோனான்.

"அக்கா, உள்ள கற்பூரம் வச்சிருக்கியா?"

"அரைக் கிலோ. கோயில்ல வச்சுப் பூசை பண்ணி வாங்கினது. போய் இறங்கின அன்னைக்கு ரூம்ல ஏத்தணும்னு வேண்டுதல்."

"எடை ஜாஸ்தியாவுது. எடுத்துடலாம்."

வேதா குனிந்து பார்த்தாள். "இருபத்தொண்ணரைதாங்க காட்டுது. இருபத்துமூணு வரைக்கும் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணரை கம்மியாவே இருக்கு."

"தீப்பிடிக்கிற பொருள். இப்ப ரூல்ஸ் மாறிப்போச்சு."

"இன்னா மச்சான், ரூல்ஸெல்லாம் உங்க கார்லதான் மாறுது" என்றார் தருமன். "போன மாசம் நம்ம தெரு மணியோட பையன் கற்பூரம் எடுத்துட்டுப் போனான். ஒண்ணும் ஆகல."

எல்லோரும் சிரித்தார்கள். வழியில் எங்காவது நிறுத்தி எடுத்துவிடலாமா என்று வளவன் யோசித்தான். ஆனால் காரில் சரோஜாவும் வருகிறாள். பெட்டியின் சாவி அவள் தாலிச் சரட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டாலும் என்ன? வேறெதற்காவது மைக்கில் இந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டால் இவள் என்ன செய்வாள்? அவன் சொன்னதை மட்டும் நம்பிப் போகிறவள் இவள். அவன் சொன்னதோ அந்த நாற்காலியோடு நின்றுவிடுகிறது.

"எடுக்கணும்க்கா" என்றான் மறுபடியும்.

"கிளம்புற நேரத்துல சாமி பொருளை வெளியே எடுப்பாங்களாடா?" சரோஜாவின் குரலில் கோபமில்லை. பழகிய பரிவோடு, கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னாள்: "உனக்கும் இதேமாதிரிதானே வச்சு அனுப்பினேன். நீ நல்லபடியா குவைத் போய்ச் சேரலையா?"

 தருமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேதா முந்தானையைச் சரிசெய்தாள். ஒவ்வொருவரும் அவனுக்காகக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருவதுபோலவே. வளவன் ஒருமுறை தலையசைத்தால் போதும். பெட்டி காரில் ஏறிவிடும்.

அவன் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"நான் போகலக்கா."

"வளவா, வேணாம்" என்றாள் சரோஜா மெல்ல.

"போகல. அந்த ரெண்டு வருசமும் மாதவரத்துல ஒரு குடோன்ல மூட்டை தூக்கினேன். உங்க எல்லாருக்கும் தெரியும்." அவன் சிந்துஜாவின் பக்கம் திரும்பினான். "நாற்காலியில உக்காந்திருந்தேம்மா. மைக்ல என் பேரைச் சொன்னாங்க. பெட்டியில இருக்கிற கற்பூரத்தை வேற ஏதோன்னு நினைச்சுட்டாங்க, புடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். மூணு தடவை கூப்பிட்டாங்க. வெளிய வந்தப்ப பிளேன் போயிடுச்சு. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ஆளு, 'கற்பூரத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஏறியிருக்கலாமேங்க'ன்னு சொன்னாரு. அவ்ளோதான் விசயம்."

 சரோஜாவின் விரல்கள் சரட்டிலிருந்த சாவியைப் பற்றியிருந்தன. வளவன் கையை நீட்டினான். அவள் அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவன் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்புக்குள்ளிருந்த பொட்டலத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தான்.

"உன் பேரைக் கூப்பிட்டா உடனே எழுந்து போ, சிந்து. என்னா ஏதுன்னு கேளு. எங்கயும் போய் ஒளிஞ்சுக்காத."

"சரி மாமா." அவள் தயங்கினாள். "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதும்மா. நான் பிளேன்ல ஏறினதே இல்ல."